மூளைப் படத்தில் ஒன்றுமில்லை

பானுப்ரியா இரண்டு கைகளைக் கழுவ ஒரு குடம் தண்ணீரைக் காலி செய்துவிட்டாள் என்று அவளுடைய மாமியார் ஜக்கம்மாள் தெருமுனை வரை கேட்கும்படி சொல்லாத நாள் கிடையாது. சொன்னதில் பொய்யும் கிடையாது. வேடசந்தூருக்குப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊரில் நல்ல தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு தரம்தான் குழாயில் வரும், அதுவும் ஒரு மணி நேரம். போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அறுபது வயதில் இடுப்பில் குடம் சுமக்கிறவளுக்கு, மருமகள் அதைச் சாக்கடையில் விடுவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் எரிந்தது வயிறு மட்டுமில்லை. ஜக்கம்மாளின் வாயும் சேர்ந்து எரிந்தது.

"பெரிய எடத்துப் பொண்ணு. நம்ம வீட்டுச் சட்டி பானையெல்லாம் அவளுக்கு அழுக்கு. எம்புட்டுத் திமிரு பாரு."

திமிர். ஆறு வருஷமாக அந்த வீட்டில் பானுப்ரியாவுக்கு அதுதான் பெயர்.

அவள் பெரிய இடத்துப் பெண் ஒன்றும் இல்லை. எரியோட்டில் ஓட்டு வீட்டில் பிறந்து, பத்தாவது முடித்ததும் மில்லுக்குப் போனவள். கல்யாணமாகி வந்த வீட்டில் இரண்டு ஏக்கர் கத்திரிக்காயும் சின்ன வெங்காயமும். கத்திரிக்குப் பூச்சி மருந்து அடிக்காத வாரம் கிடையாது. புருஷன் முகேஷ்குமார் மருந்து கலக்குகிற வாளியைக் கொல்லையில் எங்கே வேண்டுமானாலும் போட்டுவைப்பான். மகள் ஜீவிதா தவழ ஆரம்பித்த பத்தாவது மாதத்தில் ஒருநாள் அந்த வாளிக்குள் கிடந்த பிளாஸ்டிக் குவளையை எடுத்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். பானுப்ரியா பிள்ளையை அள்ளிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். ஒரு நாள் முழுக்க வைத்திருந்து பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளைக்கு ஒன்றுமில்லைதான். வீட்டுக்குத் திரும்பி வந்தது வேறு பானுப்ரியா.

அன்றிலிருந்து வாளி இருந்த இடத்தில் மருந்து, வாளியைத் தொட்டவன் கையில் மருந்து, அவன் தொட்ட கதவில் மருந்து, கதவைத் தொட்ட தன் கையில் மருந்து. அரிசியைக் களைந்து களைந்து அது நொய்யாகும் வரை விடமாட்டாள். அப்படியெல்லாம் மருந்து ஒட்டியிருக்காது என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் நிற்காது. குடம் தீர்ந்தால் போர் குழாய்க்குப் போவாள். கழுவி முடித்துக் குழாயை மூடினால், சரியாகக் கழுவினாயா என்று உள்ளே ஒன்று கேட்கும். பதில் சொல்லத் தெரியாமல் மறுபடி திறப்பாள். கையில் தோல் வெடித்து, உப்புத் தண்ணீர் பட்டு ரத்தம் கசியும். திமிருக்காக யாராவது தன் கையைத் தானே கிழித்துக்கொள்வார்களா என்று அந்த வீட்டில் ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஜக்கம்மாளிடம் ஒரு கேள்வி இருந்தது. அதற்கு மட்டும் பானுப்ரியாவால் பதில் சொல்ல முடிந்ததே இல்லை.

"மில்லுல மட்டும் எப்புடிடீ நல்லா இருக்க? அங்க இருக்கறவளுக எல்லாம் உன்னையத் தங்கம்ங்கறாளுக. இங்க வந்தாத்தான் ஒனக்குப் பேய் பிடிக்குதா?"

உண்மைதான். மில்லில் அறுந்த நூலைப் பிடித்து ஒட்டுகிற வேலை. எட்டு மணி நேரமும் பஞ்சுத் தூசி தலையிலும் மூக்கிலும் ஏறும். அது அவளை ஒன்றும் செய்யாது. அங்கே கத்திரித் தோட்டம் இல்லை, வாளி இல்லை. மில் பஸ் ஊருக்குள் திரும்பும்போதே அவளுக்கு உள்ளங்கை அரிக்கத் தொடங்கிவிடும். இதை எப்படி எடுத்துச் சொல்வது? சொன்னாலும் யார் கேட்டார்கள்?

மில்லில் நடந்த மருத்துவ முகாமில் ஒரு டாக்டர் அவள் கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, திண்டுக்கல்லில் தோல் டாக்டரிடம் போகச் சொன்னார். தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு எத்தனை தடவை கழுவுகிறாய் என்று கேட்டார். எண்ணிச் சொல்ல முடியவில்லை, அழுகைதான் வந்தது. அவர் மதுரையில் மனநல டாக்டரிடம் அனுப்பினார். மதுரை டாக்டரம்மா ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு, இதற்கு ஓ.சி.டி. என்று பெயர், நீ வேண்டுமென்று செய்யவில்லை, மாத்திரையும் பயிற்சியும் இருக்கிறது என்றார். நீ வேண்டுமென்று செய்யவில்லை. அந்த மூன்று வார்த்தையைப் பானுப்ரியா மதுரையிலிருந்து வீடு வரைக்கும் முந்தானையில் முடிந்து வைத்த மாதிரி கொண்டுவந்தாள்.

முகேஷ்குமார் கேட்டுவிட்டுச் சிரித்தான். "டாக்டரு ஆறுதலுக்குச் சொல்லியிருக்கும். எழுதிக் குடுத்துச்சா?"

எழுதி வாங்கத் தோன்றவில்லை. ஆனால் டாக்டரம்மா இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்த நோய் உள்ளவர்களின் மூளையைப் படம் எடுத்து ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, இதுவரை மாத்திரை எடுக்காதவர்கள்தான் அதற்கு வேண்டும், விருப்பமிருந்தால் படம் எடுத்துக்கொண்டு அதன்பிறகு வைத்தியத்தை ஆரம்பிக்கலாம், விருப்பமில்லாவிட்டால் இன்றைக்கே ஆரம்பிக்கலாம் என்று. பானுப்ரியா யோசிக்கவே இல்லை. மூளையைப் படம் எடுத்தால் அதில் நோய் தெரியும். படத்தைக் கொண்டுவந்து மாமியார் முகத்துக்கு நேரே பிடிக்கலாம். படம் கைக்கு வரும் வரை வைத்தியம் காத்திருக்கட்டும் என்றாள்.

அந்த வாரத்தில்தான் ஜீவிதாவுக்குக் காய்ச்சல் வந்தது. இதை மூடி மறைக்க ஒன்றுமில்லை, பானுப்ரியாவால்தான் வந்தது. ஏழு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் அப்பாவோடு தோட்டத்துக்குள் போய்விட்டு வந்தாள். பானுப்ரியா அவளைக் கொல்லையில் நிறுத்தி நாலு தடவை குளிப்பாட்டினாள். நாலாவது தடவை பிள்ளைக்கு உதடு நீலம் பூத்து நடுங்கியது. ஜக்கம்மாள் ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கித் தன் சேலைக்குள் சுற்றிக்கொண்டு, மருமகளின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். பானுப்ரியா அந்த அறைக்கு மட்டும் கோபப்படவில்லை. அது தனக்கு வேண்டியதுதான் என்று நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜக்கம்மாளின் அண்ணன் சோலைமுத்து வீட்டில் குடும்பமே கூடியது. சோலைமுத்து மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தில் எந்த வழக்கானாலும் அவர் சொல்தான் முடிவு. பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆண்கள், கீழே பாயில் பெண்கள், எல்லார் கையிலும் டீ. அன்றைக்கு ஜக்கம்மாளின் பேச்சு மாறிவிட்டது.

"இவளுக்குப் புத்தி பெசகிருச்சுண்ணே. சீக்குக்காரிகிட்டப் புள்ளைய விட்டா ஒருநா கொன்னே போட்டுருவா. இவ ஆத்தா வீட்டுக்குப் போகட்டும், புள்ள எங்ககிட்ட இருக்கட்டும்."

முகேஷ்குமார் ஆமாம் ஆமாம் என்றான். ஆறு வருஷம் திமிர் திமிர் என்று கரித்துக்கொட்டியவர்களுக்கு, பிள்ளையைப் பிடுங்க வேண்டும் என்றதும் ஒரே நாளில் அது நோயாகிவிட்டது. நோய் என்று தெரிந்தவர்கள் ஒரு தடவையாவது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்களா? அதைக் கேட்க அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை.

மதுரையில் படம் எடுக்கப் போகிறார்கள் என்று பானுப்ரியா சொன்னதும் சோலைமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பத்திலிருந்து விழுந்து அவர் கால் முறிந்தபோது எல்லாரும் சுளுக்கு என்றார்களாம், எக்ஸ்ரேதான் முறிவைக் காட்டியதாம். அதிலிருந்து படம் என்றால் அவருக்கு அதற்குமேல் சாட்சி கிடையாது.

"வாய்ப்பேச்சே வேண்டாம். படத்துல வரட்டும்" என்றார். "மூளையில கோளாறுன்னு வந்துச்சுன்னா புள்ள இங்கதான், அதுல பேச்சில்ல. கோளாறு இல்லைன்னு வந்துச்சுன்னா, பெத்தவகிட்டருந்து பொட்டப்புள்ளயப் பிரிக்கிற பழக்கம் நம்ம வகையறாவுல கெடையாது. புள்ளையத் தூக்கிக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போகட்டும். என்னம்மா, சம்மதமா?"

எல்லாரும் சம்மதம் என்றார்கள். கோளாறுதான் வரும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பானுப்ரியாவுக்கும் இல்லை. இதில் எதற்கு ஆசைப்படுவது என்றுதான் அவளுக்குப் புரியவில்லை. படத்தில் நோய் வந்தால் அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்று ஊரே ஒத்துக்கொள்ளும், பிள்ளை போய்விடும். வராவிட்டால் பிள்ளை கிடைக்கும், ஆறு வருஷமாகச் சுமந்த பழி அப்படியே தலையில் நிற்கும். இதைத் தீர்ப்பு என்று சொல்லி டீயை உறிஞ்சினார் சோலைமுத்து.

படம் எடுக்கப் புருஷன் கூட வந்தான். காந்த எந்திரம், உடம்பில் உலோகம் எதுவும் கூடாது என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். வெறும் கழுத்தோடு மருமகள் இருக்கக் கூடாது என்று ஜக்கம்மாள் மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சளைக் கோத்துக் கொடுத்தனுப்பியிருந்தாள். பானுப்ரியா அதைக் கட்டிக்கொண்டு, தங்கத் தாலியைக் கழற்றி முகேஷ்குமார் கையில் கொடுத்தாள். அவன் அதைக் கைக்குட்டையில் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்தான். வெளியே வந்து கேட்டபோது, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றான். வீட்டுக்கு வந்ததும் அது ஜக்கம்மாளின் பீரோவுக்குப் போனது. "பத்திரமா இருக்கு" என்றாள் ஜக்கம்மாள். அதன்பிறகு அதைப் பானுப்ரியா பார்க்கவில்லை.

ஆராய்ச்சியில் வேலை செய்கிற பெண்ணின் பெயர் சுகன்யா. இருபத்தைந்து வயது இருக்கும், அக்கா அக்கா என்று கூப்பிட்டாள். படுக்க வைத்துத் தலைக்குமேல் ஒரு கூண்டை மாட்டி, காதுக்குப் பஞ்சு வைத்து, குழலுக்குள் தள்ளினார்கள். தறி, மோட்டார், கல் உடைக்கிற எந்திரம் எல்லாம் ஒன்றாகக் கத்தின. மில்லில் காது பழகியவளுக்கு அது ஒன்றும் பெரிதாகத் தெரியவில்லை. கண்ணுக்கு முன்னால் படங்கள் வந்தன. அடைத்துக்கொண்ட வாஷ்பேசின், அழுக்கான கழிப்பறை, பஸ் கம்பி, குப்பைத்தொட்டி. நடுநடுவே நாற்காலி, பூச்சாடி. எவ்வளவு பதற்றமாக இருக்கிறது என்று விரலால் பொத்தானை அமுக்க வேண்டும். பானுப்ரியா எல்லாவற்றுக்கும், பதற்றமே இல்லை என்கிற ஒன்றாம் பொத்தானையே அமுக்கினாள்.

வெளியே வந்ததும் சுகன்யாவிடம் சொன்னாள்: "நீங்க காட்டுன அழுக்கெல்லாம் எனக்கு அழுக்கே இல்ல தங்கச்சி. ஒரு மருந்து வாளியக் காட்டியிருந்தா நான் உள்ளயே செத்திருப்பேன்."

சுகன்யா அதைக் கவனமாக எழுதிக்கொண்டாள். படத்தில் கட்டியோ ரத்தக் கசிவோ இருக்கிறதா என்று ஒரு டாக்டர் பார்த்துத் தாள் கொடுப்பார், மூன்று வாரத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.

மூன்று வாரம் கழித்து மில்லுக்கு லீவு போட்டுவிட்டுப் பானுப்ரியா தனியாகப் போனாள். சுகன்யா கொடுத்த தாளில் இரண்டே வரிகள். ஆங்கிலத்தில் இருந்தாலும் நார்மல் என்ற வார்த்தை அவளுக்குத் தெரியும்.

"தப்பா எழுதிட்டாங்க" என்றாள். "நல்லாப் பாக்கச் சொல்லுங்க."

"தப்பு இல்லக்கா. உங்க மூளை பாக்குறதுக்கு எல்லாரு மூளை மாதிரிதான் இருக்கு."

"அப்ப எனக்குச் சீக்கே இல்லையா?"

"இருக்கு. ஆனா ஒரு ஆளோட படத்துல அது தெரியாது. நோய் இருக்கிற எண்பது பேரு, இல்லாத எண்பது பேரு, எல்லாரு படத்தையும் கம்ப்யூட்டர்ல சேத்துச் சராசரி பாத்தாத்தான் ரெண்டு கூட்டத்துக்கும் நடுவுல சின்ன வித்தியாசம் தெரியும். அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சியே. மொதல்லயே சொன்னேனேக்கா, ஃபாரத்துலயும் இருந்துச்சே."

சொல்லியிருந்தாள்தான். பானுப்ரியாதான் காதில் வாங்கவில்லை. படம் என்ற சொல்லுக்குப் பிறகு அவளுக்கு எதுவுமே கேட்கவில்லை.

"அப்ப மிச்சம் எழுபத்தொம்பது பேரையும் கூட்டிக்கிட்டு எங்க ஊருக்கு வாரியா?" என்றாள் பானுப்ரியா. அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "எங்க மாமியா முன்னால எல்லாரையும் வரிசையா நிப்பாட்டணும். இல்லாட்டி அது நம்பாது. என் மண்டையப் படம் புடிச்சு உங்களுக்குப் படிப்பு வந்துரும், பட்டம் வந்துரும். எனக்கு என்னடி வந்துச்சு?"

சுகன்யாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. எழுந்து உள்ளே போய் டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். டாக்டரம்மா ஒன்றும் கோபிக்கவில்லை. மருத்துவமனைத் தாளில் ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பெண்ணுக்கு ஆறு வருஷமாக ஓ.சி.டி. இருக்கிறது, நேரில் விசாரித்து உறுதி செய்யப்பட்டது, இது நோய், நடத்தைக் கோளாறு அல்ல, தொடர்ந்து வைத்தியம் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். வரிக்கு வரி தமிழில் சொல்லிக் காட்டினார். மாத்திரையும் எழுதினார். பிள்ளையைக் குளிப்பாட்டுவதற்கு ஒரு விதி வைத்தார்: ஒரு தடவைதான், அதன்பிறகு எவ்வளவு பதறினாலும் வாசலுக்கு வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது பானுப்ரியாவின் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவளுக்குக் கோளாறு இல்லை என்றது. இன்னொன்று அவள் ஆறு வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்ததை முத்திரை போட்டுச் சொன்னது. இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்கிற மூளை சோலைமுத்துவுக்கோ ஜக்கம்மாளுக்கோ கிடையாது. கடிதத்தைக் காட்டினால் நம்புவார்கள், நம்பிவிட்டு ஜீவிதாவை எடுத்துக்கொள்வார்கள். திண்டுக்கல்லிலா மதுரையிலா, எங்கேயாவது ஒரு வக்கீலைப் பார்த்தால் சட்டம் வேறு சொல்லலாம். சட்டம் வந்து சேர்வதற்குள் பிள்ளை வளர்ந்துவிடும்.

அடுத்த ஞாயிறு மறுபடி கூட்டம், மறுபடி டீ. அன்று காலையில்தான் முகேஷ்குமார் தோட்டத்துக்கு மருந்து அடித்துவிட்டு, குளிக்காமலேயே வந்து உட்கார்ந்திருந்தான். வேண்டுமென்றுதான் அப்படி வந்தான். எல்லார் முன்னாலும் அவள் பதறட்டும் என்று. அவன் மடியில் ஜீவிதாவை உட்கார வைத்திருந்தான். பானுப்ரியா பல்லைக் கடித்துக்கொண்டு பையைத் திறந்து ஒரு தாளை எடுத்துச் சோலைமுத்துவிடம் நீட்டினாள். இன்னொன்று பைக்குள்ளேயே இருந்தது.

சோலைமுத்து கண்ணாடியை மாட்டி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி படித்தார்.

"நார்மல்னு போட்டிருக்கு."

"அப்புடின்னா?" என்றாள் ஜக்கம்மாள்.

"மூளையில ஒண்ணுமில்ல."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. முகேஷ்குமார் ஏதோ சொல்ல வாயெடுத்தான், சோலைமுத்து கையமர்த்தினார். சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும் மாற்றிப் பேசினால் நாளைக்கு அவரை யார் மதிப்பார்கள்? "படத்துல வாரதுதான்னு சொல்லிட்டோம். அவ புள்ளையக் கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றார், வேண்டா வெறுப்பாக.

ஜக்கம்மாள் எழுந்து நின்றாள். "அப்ப இம்புட்டு வருசமும் நாங்க சொன்னதுதான நெசம்? வேணும்னேதான எங்களச் சீரழிச்ச? புள்ளையக் கூட்டிட்டுப் போறதுக்கு முன்னால அத உன் வாயால சொல்லிட்டுப் போ. இத்தன பேருக்கு முன்னால சொல்லு. இல்லாட்டி ஏதோ நான் கொடுமைக்காரின்னு ஊரு பேசும்."

"சொல்லட்டும்" என்றான் முகேஷ்குமார். பாயில் இருந்த பெண்களும் சொல்லட்டும் என்றார்கள்.

பானுப்ரியாவின் கை பைக்குள் இருந்தது. விரலுக்கு அந்தக் கடிதத்தின் ஓரம் தட்டுப்பட்டது. எடுத்து நீட்டினால் போதும். ஒரே ஒரு தடவை அந்த மாமியார் வாயடைத்து நிற்பதைப் பார்த்துவிடலாம். அதற்காக அவள் ஆறு வருஷம் காத்திருந்தாள். மகளைப் பார்த்தாள். கையை வெளியே எடுத்தாள்.

"ஆமா அத்தை. எனக்குச் சீக்கு எதுவும் இல்ல. திமிருதான். வேணும்னேதான் செஞ்சேன்."

ஜக்கம்மாள் காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். சோலைமுத்து தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். முகேஷ்குமாரின் மடியிலிருந்து ஜீவிதாவை இறக்கி, மருந்து வாடை அடித்த அந்தச் சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு பானுப்ரியா பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். அவளுடைய உள்ளங்கை தீயாக எரிந்தது. விடவில்லை.

எரியோடு பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஊர் தாண்டியதும் ஜீவிதா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, நெசமாவே வேணும்னுதான் என்னையக் குளுருல நிக்க வச்சியா?"

பானுப்ரியா அவசரமாகப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்தாள். ஜீவிதா இரண்டாம் வகுப்பு, எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பாள். கடிதம் முழுக்க ஆங்கிலம். டாக்டரம்மா சொன்னதை வரிக்கு வரி விரல் வைத்துப் பானுப்ரியா சொல்லச் சொல்ல, பிள்ளை தாளைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரிம்மா என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுபடி கேட்கவில்லை. நம்பினாளா என்று பானுப்ரியாவுக்கு இன்றுவரை தெரியாது.